சல்லியை அள்ளிய பிறகு: ஜேர்மனி வீட்டு வாசலுக்கு அதிகம் வேலை வைக்காத பசுமை

வீடு வாங்கிய நம்மவர்கள் முன்தோட்டத்தைப் பற்றி என்னிடம் பேச வந்தால், பேச்சு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்கும்: "அண்ணை, வேலை வைக்காதபடி ஏதாவது செய்து தாருங்கள்." கேட்கும்போதே அவர்கள் மனதில் ஒரு படம் இருக்கும். சாம்பல் நிறச் சல்லி, அதன் நடுவே உருண்டையாக வெட்டிய ஒற்றைச் செடி, மூலையில் கம்பி வலைக்குள் அடுக்கிய கற்கள், சில வீடுகளில் ஒரு புத்தர் தலையும். அந்தத் தலையை ஜேர்மன்காரர் வாசலில் கண்டால் பேசாமல் கடந்து போய்விடுவேன். முல்லைத்தீவிலிருந்து வந்த ஒருவருடைய வாசலில் கண்டபோது மட்டும் வாய் விட்டுக் கேட்டேன். "சல்லியோடு சேர்த்துக் கழிவு விலையில் கிடைத்தது" என்றார்.

நான் ஹம் நகரத்துக்குப் பக்கத்தில், தோட்டமும் நிலமும் சீராக்கும் சிறிய நிறுவனமொன்றில் வேலை செய்கிறேன். ஒரு காலத்தில் எங்கள் லொறி வாரம் தவறாமல் சல்லி ஏற்றிக்கொண்டு போனது. இப்போது அதே லொறி, சில வேளை அதே வீதிக்கு, வெறுமையாகப் போய்ச் சல்லியோடு திரும்புகிறது. போடும்போதும் எங்களுக்குக் கூலி, அள்ளும்போதும் கூலி. முதலாளிக்கு முறைப்பாடே இல்லை. இரண்டு முறையும் பணம் கொடுப்பவர் நீங்கள்தான். அதனால்தான், போடுவதற்கு முன் யோசிப்பவர்களுக்கும் ஏற்கெனவே போட்டுவிட்டு விழிப்பவர்களுக்குமாக இதை எழுதுகிறேன்.

சல்லிக்குக் கீழே என்ன நடக்கிறது

செய்யும் முறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். மேல்மண்ணை வழித்தெடுப்பார்கள். அடியை அதிரும் இயந்திரத்தால் இறுக்குவார்கள். அதன் மேல் களைத்தடுப்புத் துணி அல்லது கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு, அதன் மேல் எட்டுப் பத்துச் சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சல்லி. முதல் ஆண்டு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டாவது ஆண்டும் பெரிதாகக் குறை சொல்ல முடியாது.

பிறகு இலை விழுகிறது. தூசி படிகிறது. வசந்தத்தில் மகரந்தம் மஞ்சளாக இறங்குகிறது. இவையெல்லாம் கற்களுக்கிடையே இறங்கி, துணியின் மேல் உக்கி, ஒரு விரல் தடிப்பில் நல்ல கறுப்பு மண்ணாகின்றன. களை கீழிருந்து வருகிறது என்று எண்ணித்தான் துணி போடுகிறார்கள். ஆனால் பேர்ச் மர விதையும் சிங்கப்பல் பூ விதையும் காற்றில் மேலிருந்து வருபவை. அவை அந்த மண்ணில் முளைத்து, வேரைத் துணிக்குள் செலுத்திக்கொள்கின்றன. சாதாரணப் பாத்தியில் என்றால் உழவாரத்தால் ஒரு நெம்பு நெம்பினால் களை வந்துவிடும். இங்கே இழுத்தால் தண்டு கையோடு வரும், வேர் துணியில் தங்கிவிடும், மூன்று கிழமையில் மறுபடியும் தலை நீட்டும். முழங்காலுக்கடியில் மெத்தை போட்டுக்கொண்டு, கல்லுக்குள் கைவிட்டுக் களை பிடுங்கிய எவரும் அதன் பிறகு "பராமரிப்பு இல்லாத தோட்டம்" என்ற பேச்சை எடுப்பதில்லை.

வீட்டின் வடக்குப் பக்கமாக இருந்தால் கல்லே பச்சை பிடிக்கும். வெள்ளைக் கல்லில் இது இன்னும் மோசம். கராரா என்ற பெயரில் விற்கும் இத்தாலிய வெள்ளைப் பளிங்குச் சல்லி, நிழலும் ஈரமும் உள்ள வாசலில் சில ஆண்டுகளில் பாசி நிறமாகிவிடும். உயரழுத்த நீர் இயந்திரத்தால் அடித்தால் அழுக்கு வெளியே போகாது. கீழே இறங்கி, அடுத்த களைக்கு உரமாகும். ஒக்டோபரில் இலை ஊதும் இயந்திரத்தைப் பிடித்தால் இலையோடு கல்லும் பறந்து பக்கத்து வீட்டுக் காரில் விழும்.

வினாகிரியும் உப்பும் கலந்து ஊற்றலாம் என்று நம்மவர்களுக்குள் ஒரு கைவைத்தியம் ஓடுகிறது. செய்யாதீர்கள். இந்த நாட்டில் பயிர்செய்கை நடக்காத பரப்புகளில் களைநாசினி அடிக்க அனுமதி இல்லை. கல் பரப்பில் வினாகிரியையும் உப்பையும் களை கொல்ல ஊற்றுவதையும் அதிகாரிகள் அதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். பளிங்குக் கல்லில் வினாகிரி பட்டால் நுரைத்து, கல்லையே அரிக்கும் என்பது வேறு.

எட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த ஒரு வாசலைத் திறந்தால் என்ன இருக்கும் என்று ஒரு முறை நேரில் பார்க்க வேண்டும். துணியைத் தூக்கும்போது அது துணியாக வராது. வேரும் சேறும் பின்னிய கனத்த பாயாக வரும், இழுத்தால் நார் நாராகப் பிரியும். கீழே இருக்கும் மண் வெளிறிய சாம்பல் நிறத்தில், விரலால் அழுத்தினால் தடம் பதியாத அளவுக்கு இறுகியிருக்கும். மண்வெட்டியால் கொத்தினால் கட்டியாகப் பெயரும். ஒரு மண்புழுகூடக் கிடையாது. பிளாஸ்டிக் விரிப்பு என்றால் தேங்கிய நீரின் புளித்த வாடையும் சேர்ந்து எழும்பும்.

கோடையைச் சொல்லத் தேவையில்லை. தோசைக்கல்லை இறக்கி வைத்த பிறகும் சூடு போகாததுபோல, பகல் முழுதும் வாங்கிய வெயிலை அந்தக் கல் இரவில்தான் வெளியே விடும். படுக்கையறை முன்பக்கமாக இருந்தால் யன்னலைத் திறந்து பயன் இல்லை. செடி இருந்தால் அது நீரை ஆவியாக்கித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைக் கொஞ்சமாவது குளிர்விக்கும்.

மழைக் கதை வேறு. துணி போட்ட சல்லியில் தண்ணீர் இறங்கும்தான். ஆனால் நுண்மண் அடைக்க அடைக்க மெதுவாகும், அதன் கீழே இறுக்கிய நிலம் வேறு. பிளாஸ்டிக் போட்டிருந்தால் இறங்கவே இறங்காது, வீதி வாய்க்காலுக்குத்தான் ஓடும். எங்களுக்குப் பக்கத்து மியூன்ஸ்ரர் நகரில் 2014 ஜூலை 28ஆம் திகதி ஏழு மணித்தியாலத்தில் சதுர மீற்றருக்கு 292 லீற்றர் மழை கொட்டியது. அவ்வளவு மழையை எந்தப் பூந்தோட்டமும் குடித்து முடிக்காது, உண்மைதான். ஆனால் ஆண்டுக்குப் பல முறை வரும் இருபது, முப்பது லீற்றர் மழையை இளகிய மண் குடிக்கும். இங்கே பல நகரங்களில், நிலத்தை எவ்வளவு மூடியிருக்கிறீர்கள் என்று கணக்கிட்டுத்தான் மழைநீர்க் கட்டணம் வருகிறது. வருடாந்தக் கட்டணச் சீட்டை எடுத்து ஒரு தடவை பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

நம்மவர்கள் அதிகம் வாழும் நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தின் கட்டடச் சட்டம், கட்டடம் இல்லாத நிலம் நீரை உறிஞ்சும்படியும் பசுமையாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 2024 தொடக்கம் அதில் சல்லி விரிப்பையும் செயற்கைப் புல்லையும் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறார்கள். பாடன்-வூர்ட்டெம்பெர்க் 2020இலேயே சல்லித் தோட்டத்தைத் தடுத்துவிட்டது. "நாங்கள் போட்டது அதற்கு முன்பு" என்ற நம்பிக்கையில் இருக்க வேண்டாம். பெயர் சொல்லவில்லையே தவிர, பசுமையாக இருக்க வேண்டும் என்ற விதி பழைய சட்டத்திலும் இருந்தது.

நீடர்சாக்சன் மாநிலத்தில் டீப்ஹோல்ஸ் நகரின் வீட்டு உரிமையாளர்கள் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். அவர்களுடைய பாத்திகள் ஏறத்தாழ 50 சதுர மீற்றர். சல்லிக்கிடையே செடிகளும் இருந்தன. அகற்றச் சொன்ன உத்தரவு சரியானதே என்று லூனெபுர்க்கில் உள்ள மேல் நிர்வாக நீதிமன்றம் 2023 ஜனவரியில் முடிவு சொன்னது. அதாவது சல்லிக் கடலில் நான்கு செடி நட்டுவிட்டு "இதுவும் தோட்டம்தானே" என்று வாதாட முடியாது. உங்கள் பகுதிக்கென்று தனி விதிகளும் இருக்கலாம், நகரசபையின் கட்டடப் பகுதியில் கேளுங்கள். கேட்கும்போதே மானியம் உண்டா என்றும் கேளுங்கள்; சில நகரங்கள் சல்லியை அகற்றப் பணம் தருகின்றன, ஆனால் வேலை தொடங்குவதற்கு முன் விண்ணப்பித்தால்தான்.

நமக்கு ஏன் சல்லி பிடிக்கிறது

சும்மா சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்து முற்றம் நம் கண்ணில் இருக்கிறது: கூட்டிய வெறும் மண், விளக்குமாற்றின் கோடுகள், ஒரு சருகும் இல்லாத சுத்தம். வாசலில் பற்றை இருந்தால் பாம்பு வரும், வீட்டுக்காரர் கவனிப்பதில்லை என்று ஊர் சொல்லும். சல்லி அந்தச் சுத்தத்தைத் தருவதாக வாக்களிக்கிறது. ஆனால் அந்த முற்றம் மண். மாரி மழையைக் குடித்தது. ஓரத்தில் செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் நின்றன. அதோடு அது வேலையில்லாத முற்றமும் இல்லை. ஒவ்வொரு காலையிலும் அம்மாவோ அக்காவோ குனிந்து கூட்டினார்கள், அவ்வளவுதான்.

எனவே நான் சொல்வது காடு வளர்க்கச் சொல்லி அல்ல. திறந்த மண்ணை இயற்கை விட்டுவைக்காது. நீங்கள் மூடாவிட்டால் களை மூடும். செடியால் மூடினால் அந்தச் செடியே உங்கள் களைத்தடுப்பு. கல்லின் மேல் எனக்குப் பகையும் இல்லை. இங்கிலாந்தில் எசெக்ஸ் பகுதியில், முன்பு வாகனத் தரிப்பிடமாக இருந்த நிலத்தில் பெத் சட்டோ என்ற தோட்டக்காரர் 1990களின் தொடக்கத்தில் அமைத்த சல்லித் தோட்டம் உலகப் புகழ் பெற்றது. அதற்கு நீர் பாய்ச்சுவதில்லை. அங்கேயும் மேலே சல்லிதான். ஆனால் கீழே துணி இல்லை, மண்ணைப் பிரித்து இளக்கியிருக்கிறார்கள், வறட்சி தாங்கும் செடிகள் நெருங்கி நிற்கின்றன. குற்றம் கல்லில் இல்லை, துணியிலும் வெறுமையிலும்தான்.

அள்ளும் வேலை

முதலில் கணக்கு. ஒரு சதுர மீற்றரில் 10 சென்ரிமீற்றர் சல்லி ஏறத்தாழ 150 கிலோ. இருபது சதுர மீற்றர் வாசல் என்றால் மூன்று தொன். நண்பர்கள் நான்கு பேர், இரண்டு தள்ளுவண்டி, ஒரு சனிக்கிழமை, மதியத்துக்குக் கொத்துரொட்டி என்றால் முடியும். இடுப்பு வலி உள்ளவர்கள் ஆளைப் பிடியுங்கள்.

காலம்: நடுவதற்கு ஏற்றது செப்டம்பர் - ஒக்டோபர், அல்லது மார்ச் - ஏப்ரல். அதற்குச் சற்று முன் அள்ளத் தொடங்குங்கள், அள்ளிய நிலத்தை வெறுமையாக விட்டுவைக்க வேண்டாம். நல்ல காய்ந்த நாளாகப் பாருங்கள். நனைந்த துணி இரண்டு மடங்கு கனம். வேலியையோ பற்றையையோ அடியோடு வெட்டுவதாக இருந்தால் மார்ச் 1 முதல் செப்டம்பர் 30 வரை அதற்குத் தடை உண்டு, பறவைகளுக்காக.

முன்பக்கத்தில்தான் எரிவாயு, தண்ணீர், மின்சாரம் எல்லாம் வீட்டுக்குள் நுழையும். எங்கே போகின்றன என்று வரைபடத்தைப் பார்க்காமல் அலவாங்கைத் தூக்காதீர்கள். தண்ணீர் அடைக்கும் மூடிக்கு மேலே எதையும் நட வேண்டாம்.

முழுச் சல்லியையும் அள்ளி முடித்த பிறகு துணியை இழுக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் துணி கிழிந்து மண்ணோடு கலந்துவிடும். ஒரு மீற்றர் அகலத்துக்குச் சல்லியை ஒதுக்கி, கூரான கத்தியால் துணியை வெட்டி, அந்தத் துண்டைச் சுருட்டி எடுத்து, பிறகு அடுத்த மீற்றர் என்று போங்கள். வெட்டிய துணி கறுப்புத் தொட்டிக்குரிய குப்பை. இலைகுழைத் தொட்டிக்குள் போட்டால் நகரசபை தொட்டியை எடுக்காமல் விட்டுப் போகும்.

சல்லியை எல்லாம் எறிய வேண்டாம். சுவரோரம் 30 - 40 சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஒரு பட்டை விட்டுவையுங்கள், மழை தெறித்துச் சுவர் அழுக்காகாமல் இருக்கும். சுத்தமான சல்லியில் ஒரு பங்கு, கீழே சொல்லப்போகும் வறண்ட பாத்திக்குத் தேவைப்படும். மீதியை இணைய விளம்பரத்தில் "வந்து அள்ளிச் செல்பவர்களுக்கு இலவசம்" என்று போட்டால் பெரும்பாலும் போய்விடும். இன்னும் சல்லியை நம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து மண். இங்கேதான் பொறுமை வேண்டும். பற்கள் உள்ள தோட்ட முள்ளை முழு ஆழத்துக்கு இறக்கி, பின்னால் சாய்த்து மண்ணை வெடிக்கச் செய்யுங்கள். புரட்ட வேண்டாம், 25 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் காற்றும் நீரும் போக வழி கிடைத்தால் போதும். அப்படிக் கிளறும்போது கீர்ஷ் என்று இங்கே சொல்லும் களையின் வெள்ளை வேர்களைக் கண்டால் வேலையை நிறுத்துங்கள். நூடில்ஸ் தடிப்பில், முறித்தால் முறிந்த ஒவ்வொரு துண்டும் தனிச் செடியாகும் வேர் அது. அறுகுபோல் வேர் ஓடும் க்வெக்கெ என்ற புல்லும் அப்படித்தான். இவை இருக்கும்போது நட்டால், உங்கள் பூஞ்செடியின் வேருக்குள் புகுந்துகொள்ளும். பிறகு இரண்டையும் பிரிக்க முடியாது. வேரை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுங்கள், மூன்று கிழமை விட்டு மறுபடி முளைப்பதை எடுங்கள், அதற்குப் பிறகு நடுங்கள். இந்தத் தாமதத்தைப் பொறுக்க முடியாதவர்கள்தான் இரண்டு ஆண்டு கழித்து "செடி வைத்தால் வேலை அதிகம்" என்று மறுபடி சல்லிக்கு ஆள் தேடுகிறார்கள்.

வெயில் வாசலுக்கு

நாளில் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வெயில் விழும் தெற்கு, மேற்கு வாசல்களுக்கு வறண்ட பாத்திதான் மிகக் குறைந்த வேலை. மேல் மண்ணில், அள்ளிய சல்லியில் ஒரு பங்கைக் கலந்து விடுங்கள். ஹம்மைச் சுற்றி இருப்பதுபோல் கனமான மண்ணாக இருந்தால் இது அவசியம், இல்லாவிட்டால் மாரியில் வேர் அழுகும். உரமோ கூட்டெருவோ போட வேண்டாம். நம்மவர்களுக்கு இதுதான் மனம் ஒப்பாத விடயம். செடிக்குச் சாப்பாடு போடாமல் எப்படி என்பார்கள். இந்தச் செடிகள் கொழுத்தால் சரிந்து விழும்.

கடையில் எந்தப் பெயரில் கேட்க வேண்டும் என்பதற்காக ஜேர்மன் பெயர்களையே சொல்கிறேன். உயரத்துக்கு ஸ்டெப்பென்ஸல்பை, கட்ஸென்மின்ஸெ, ஷாஃப்கார்பெ, ஃபெட்டஹென்ன. நிலத்தை மூட தூமியான் என்ற தைம் வகைகளும் ப்ளூட்-ஷ்டோர்ஷ்னாபலும். வாசல்படி ஓரத்துக்கு லவெண்டர். ஸல்பையையும் கட்ஸென்மின்ஸெயையும் முதல் பூ முடிந்ததும் ஒரு சாண் விட்டு வெட்டினால் ஆகஸ்டில் இன்னொரு முறை பூக்கும். கட்ஸென்மின்ஸெயில் பக்கத்து வீட்டுப் பூனை வந்து புரளும், அதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு இப்படி: 18 சதுர மீற்றர் வாசலில் பாதையும் குப்பைத் தொட்டி இடமும் நான்கு என்று வையுங்கள். மீதி 14. சதுர மீற்றருக்கு ஏழு கன்று, ஆக நூறு கன்று அளவில். ஒன்பது சென்ரிமீற்றர் சட்டியில் வரும் சிறிய கன்று போதும். மூன்று முதல் ஐந்து யூரோவுக்குள் கிடைக்கும். பெரிய சட்டிக் கன்றை வாங்கி ஒரு மீற்றருக்கு ஒன்றாக நடுவதுதான் நான் அதிகம் காணும் வீண் செலவு. இடைவெளி இருந்தால் களை வரும், அவ்வளவுதான். எதை எதனோடு சேர்ப்பது என்று தலையை உடைக்க விரும்பாதவர்கள், பல ஆண்டு சோதித்துப் பார்த்து விற்கும் கலவைகளைக் கேளுங்கள். "சில்பர்சோமர்" அவற்றில் பெயர் பெற்றது.

நட்ட பிறகு கன்றுகளுக்கிடையே ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர் உயரத்துக்குச் சல்லியைப் பரப்புங்கள். ஆம், அதே சல்லிதான், கழுவியது, துணி இல்லாமல். ஈரத்தைக் காக்கும், விழும் விதையை முளைக்க விடாது, இரண்டு ஆண்டில் செடி அதை மறைத்துவிடும். ஓரிரு கையகலத் திட்டுகளை வெறும் மண்ணாகவே விட்டுவையுங்கள். இந்த நாட்டுக் காட்டுத் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் துளையிட்டுத்தான் முட்டையிடுகின்றன. குழந்தைகள் இருக்கும் வீட்டார் பயப்பட வேண்டாம், அவை கூட்டமாகத் துரத்தி வரும் இனம் இல்லை.

நிழல் வாசலுக்கு

வடக்குப் பக்கம் இன்னும் இலகு. மூன்று சென்ரிமீற்றர் கூட்டெருவை மேலே கலந்து, ஒரே இனத்தைத் திரளாக நடுங்கள். என் கை முதலில் போவது பல்கன்-ஷ்டோர்ஷ்னாபலுக்கு. சதுர மீற்றருக்கு ஆறேழு நட்டால் மூன்றாவது ஆண்டில் ஒரு களையும் உள்ளே நுழையாது. நடமாட்டத்தில் ஒரு துண்டு முறிந்தால் அதை வேறு இடத்தில் ஊன்றலாம், வேர் விடும். எல்ஃபென்ப்ளூமெ, வால்ட்மைஸ்டர், கோல்டெர்ட்பேரெ, சில பன்னங்கள் என்று இன்னும் உண்டு. ஐவியும் மூடும்தான், ஆனால் பிறகு அது சுவரில் ஏறும், நீங்கள் ஏணியில் ஏறுவீர்கள்.

எந்த வாசலாக இருந்தாலும் ஒக்டோபரில் குரோக்கஸ், பனித்துளிப் பூக் கிழங்குகளைச் செடிகளுக்கிடையே புதைத்துவிடுங்கள். மற்றவை விழிக்கும் முன் பெப்ரவரி - மார்ச்சிலேயே அவை பூத்துவிடும். இடம் இருந்தால் ஒரு சிறு மரம்: ஃபெல்ஸென்பிர்ன வைத்தால் ஏப்ரலில் வெள்ளைப் பூ, ஜூனில் தின்னக்கூடிய பழம், ஒக்டோபரில் சிவந்த இலை. கோர்னெல்கிர்ஷ பழத்தில் நல்ல புளிப்பு, ஊறுகாய் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

புல்தரைதான் வேண்டும் என்பவர்கள் வெள்ளைக் குளோவரும் சிறு மூலிகைகளும் கலந்த விதையைப் போடுங்கள். வாராவாரம் வெட்டத் தேவையில்லை, வறட்சியிலும் பச்சையாக நிற்கும். காட்டுப் பூத் தரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கடையில் மலிவாகத் தொங்கும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் ஓராண்டுப் பூக்கள். அடுத்த ஆண்டு அந்த இடத்தில் வெறும் களை இருக்கும். உங்கள் பிரதேசத்துக்குரிய பல்லாண்டு விதையாகக் கேட்டு வாங்கி, சதுர மீற்றருக்கு இரண்டு மூன்று கிராம் மட்டும், காய்ந்த மணலோடு கலந்து தூவி, மண்ணால் மூடாமல் பலகையால் அழுத்திவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு வெட்டு. நன்றாக வர மண் மெலிந்ததாக இருக்க வேண்டும். சல்லி கிடந்த நிலம் அதற்கு ஏற்றது.

கிர்ஷ்லோர்பேர் வேலி வைக்காதீர்கள். விரைவாக வளரும் என்று எல்லோரும் வைக்கிறார்கள், காட்டுக்குள் பரவுகிறது. சுவிஸில் 2024 செப்டம்பர் முதல் அதை விற்கவே தடை. மூங்கில், வேர்த்தடுப்பு இல்லாமல் வேண்டாம். உருண்டையாக வெட்டும் புக்ஸ்பவும் செடியை இப்போது அந்துப் புழு ஒரு கோடையில் மொட்டையாக்கிவிடுகிறது. புதினா சட்டியில் மட்டும்.

பிறகு எவ்வளவு வேலை

முதல் ஆண்டு வேலை உண்டு. மறைக்க மாட்டேன். மழை இல்லாவிட்டால் கிழமைக்கு ஒரு முறை நன்றாக ஆழ ஊற்றுங்கள்; தினமும் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும். கிழமைக்கு ஒரு தடவை கால் மணித்தியாலம் உழவாரத்தோடு சுற்றி வாருங்கள், களை பூக்க விடாமல். இரண்டாம் ஆண்டு இதில் பாதி. மூன்றாம் ஆண்டிலிருந்து தண்ணீர் ஊற்றுவது கடும் வறட்சியில் மட்டும், களை எப்போதாவது.

பக்கத்து வீட்டார் என்ன நினைப்பார்கள் என்று ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு வந்த ஓர் அக்கா என்னை மறித்துக் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்: ஓரத்தை நேராக வையுங்கள். நடைபாதைப் பக்கம் ஒரு வரிசைக் கல் பதித்து, அதைத் தாண்டி எதுவும் சரியாமல் வெட்டிவிட்டால் உள்ளே எவ்வளவு தாராளமாக வளர்ந்தாலும் கவனித்து வளர்த்ததாகத்தான் தெரியும். அந்தக் கல் வரிசைக்கும் பழைய தோட்டத்து விளிம்புக் கற்களே போதும்.

ஆண்டுக்கு ஒரு பெரிய வேலை பெப்ரவரிக் கடைசியில். இலையுதிர்காலத்தில் வெட்டாதீர்கள், காய்ந்த தண்டு செடியின் அடியையும் தனக்குள் உறங்கும் பூச்சியையும் குளிரில் காக்கும். புதுத் துளிர் தலை நீட்டும் முன், வேலி வெட்டும் கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் ஒரு கையகல உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். லவெண்டரை மட்டும் பழைய மரத்தண்டு வரை இறக்கி வெட்டக் கூடாது, திரும்பத் துளிர்க்காது. அதற்கு ஏப்ரல் வரை பொறுங்கள். வெட்டியதைச் சிறு துண்டாக்கிச் செடிகளுக்கு அடியிலேயே போடலாம், மிச்சம் இலைகுழைத் தொட்டிக்கு. பதினான்கு சதுர மீற்றருக்கு இரண்டு பேர் என்றால் மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும்.